தண்டையார்பேட்டையிலிருந்து மந்து: உணவகமா, தள்ளுவண்டியா, வீட்டு இட்லிக் குண்டானா?

மாவுத் தோலுக்குள் பூரணம் பொதித்து அவிக்கும் பண்டத்துக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் எழுதுவதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. 'மாண்டு' என்று எழுதினால் இறந்து என்று பொருளாகிவிடுகிறது; 'மண்டு' என்றால் வசவு. கொரியரின் நாவில் அச்சொல்லின் இரண்டாம் அசை மேற்பல்லின் அடியைத் தொட்டே பிறக்கிறது என்பதால், 'மந்து' என்று எழுதுவதுதான் ஒலிக்கு நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அப்படியே எழுதுகிறேன்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் கைப்பேசியில் கொரியத் தொடர்கள் பார்க்கத் தொடங்கி, அவற்றில் வரும் சாப்பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியபோது, எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது மந்துதான். தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கி, நுங்கம்பாக்கம் பக்கம் இருக்கும் எளிய கொரிய உணவகம் ஒன்றுக்குப் போகலாம். பெரம்பூரில் மாலை நேரத்துத் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் மோமோவை மந்துவின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அல்லது உறைநிலைப் பொட்டலம் வாங்கி வந்து வீட்டு இட்லிக் குண்டானில் அவித்துக்கொள்ளலாம். மூன்றையும் பலமுறை செய்து பார்த்த பிறகே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

கொரிய உணவகம் ஏன் எங்கள் பக்கத்தில் இல்லை என்ற கேள்விக்கு விடை எளிது. ஆலைகள் வடசென்னையிலும் உண்டு. எண்ணூரும் மணலியும் ஆலைகளால் ஆன ஊர்கள். ஆனால் கொரியர்களை இந்த நகரத்துக்குக் குடும்பத்தோடு அழைத்து வந்த ஆலை மேற்கே, இருங்காட்டுக்கோட்டையில் எழுந்தது. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் அங்கே வேலையைத் தொடங்கி 1998இல் முதல் கார்களை வெளியே அனுப்பியது. 2007இல் சாம்சங்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் குடியிருந்த இடங்களையும், ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே அவர்கள் போய்வந்த சாலைகளையும் ஒட்டியே அவர்களுக்கான உணவகங்களும் மளிகைக் கடைகளும் முளைத்தன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோதுதான், வண்டி மாறாமல் ஒரே பாதையில் ஆயிரம் விளக்குக்குப் போய்வரும் வசதி எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு, இரவுச் சாப்பாட்டுக்காக அங்கே போவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்திருக்காது.

முதலில் தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குப் பெரும்பாலும் அநியாயம் நடக்கிறது. மோமோவை 'ஏழையின் மந்து' என்றும், மந்துவை 'விலை உயர்ந்த மோமோ' என்றும் பேசக் கேட்டிருக்கிறேன், இரண்டும் தவறு. திபெத்திலும் நேபாளத்திலும் வேரூன்றிய மோமோ, பூரணத்தின் சாற்றைத் தோலுக்குள் பிடித்து வைக்கும் பண்டம். அதில் கோசும் வெங்காயமும் பச்சையாகவே நறுக்கிப் போடப்படுகின்றன. ஆவியில் அவை விடும் நீர் இறைச்சியின் கொழுப்போடு சேர்ந்து உள்ளே ஒரு வாய் ரசமாக நிற்கிறது. நல்ல மோமோவைக் கடித்த உடனே சாறு கையில் வழிய வேண்டும். மந்துவின் இலக்கணமோ நேர் எதிரானது. மந்துவுக்குப் பூரணம் செய்பவர் நீரோடுதான் போராடுகிறார்: சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவைத் துணியில் கட்டிப் பிழிகிறார், முளைகட்டிய பாசிப்பயற்றை வெந்நீரில் போட்டெடுத்துப் பிழிகிறார், கிம்ச்சி என்னும் புளித்த கோஸ் ஊறுகாயைப் பொடியாக நறுக்கி அதையும் பிழிகிறார், சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவில் செய்த கண்ணாடி போன்ற சேமியாவை நறுக்கிச் சேர்த்து, மிஞ்சிய ஈரத்தையும் அது குடித்துக்கொள்ளும்படி செய்கிறார். இத்தனைக்குப் பிறகு கிடைப்பது சாறு வழியாத, ஆனால் வறண்டும் போகாத, டோஃபுவால் மென்மையும் சேமியாவால் இழுவையும் பெற்ற ஒரு பூரணம். எனவே மோமோவில் மந்துவைத் தேடுகிறவர் ஏமாறுவார். மந்துவில் மோமோவின் சாற்றைத் தேடுகிறவரும் ஏமாறுவார்.

பெரம்பூரில் நாங்கள் வழக்கமாக நிற்கும் வண்டியை நடத்துவது டார்ஜிலிங்கிலிருந்து வந்த ஓர் இளைஞர். மாலையில் அடுக்குப் பாத்திரத்தைத் திறக்கும்போது எழும் ஆவியில், பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னியின் வாசனையும் கலந்துவரும். அந்தச் சட்னியின் காரம் எங்கள் பக்கத்து நாக்குக்கு உடனே பிடித்துப் போகிறது. சோயா சாஸில் காடி கலந்து மேலே மிளகாய்த் தூளைத் தூவிக் கொரியர்கள் வைக்கும் மெல்லிய தொடுசாற்றுக்குப் பழகச் சிறிது காலம் ஆகும். வண்டியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மடிப்புகள் எல்லாம் அச்சில் வார்த்தவை போல ஒரே அளவில் இருந்தால் அவை தொழிற்கூடத்திலிருந்து உறைநிலையில் வந்தவை. ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் இருந்தால் காலையில் கையால் மடித்தவை. இரண்டாவது வகை கிடைக்கும் வண்டியை விட்டுவிட வேண்டாம். நின்றபடி சாப்பிட்டு, எண்பது ரூபாய் கொடுத்து, பத்து நிமிடத்தில் நடையைக் கட்டலாம் என்பதில் வண்டிக்கு ஈடு வேறில்லை. ஆயினும் அது மந்து ஆகிவிடாது.

இனி உணவகம். நாங்கள் இரண்டு உணவகங்களுக்குப் போயிருக்கிறோம். இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை, ஏனெனில் ஒன்றைப் பற்றிச் சில குறைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுமே ஆடம்பரம் இல்லாதவை: மரமேசை, எஃகுச் சாப்பாட்டுக் குச்சிகள், நீண்ட காம்புள்ள கரண்டி, உட்கார்ந்ததுமே வந்து சேரும் சிறு கிண்ணங்களில் கிம்ச்சி, மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய், எள்ளெண்ணெயில் பிசறிய ஏதேனும் ஒரு கீரை. இந்தத் தொடுகறிகளைக் கொரியர்கள் பஞ்சான் என்கிறார்கள். தீர்ந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். நாங்கள் போன இரண்டு இடங்களிலும் அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் கூட்டும் பொரியலும் கேட்டுப் போட்டுக்கொள்ளும் நமக்கு இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மந்துவை அங்கே மூன்று விதமாகத் தருகிறார்கள், எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பயணம் பயனுள்ளதா இல்லையா என்பது அமைகிறது. ஆவியில் அவித்தது ஜின்மந்து. எண்ணெயில் பொரித்தோ கல்லில் சுட்டோ தருவது குன்மந்து. சூப்பில் மிதப்பது மந்துகுக். முதன்முறை போனபோது மூவரும் ஜின்மந்து கேட்டோம். அது தவறான தேர்வு என்று இப்போது தெரிகிறது. ஆவியில் அவித்த மந்து எங்கே செய்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது, அதன் தோல் புதிதா பழையதா என்பதை ஆவி மறைத்துவிடுகிறது. நல்ல பூரணம் கிடைத்துவிட்டால் வீட்டிலேயே அதற்கு மிக அருகில் வந்துவிடலாம். அதற்காக ஆயிரம் விளக்கு வரை போக வேண்டியதில்லை.

குன்மந்துவின் கதை வேறு. முதல் உணவகத்தில் அதை முழுக்க எண்ணெயில் மூழ்கடித்துப் பொரித்துக் கொடுத்தார்கள். கொரியாவில் சீனச் சாப்பாட்டுக் கடைகளில் அப்படிக் கொடுப்பது உண்டு என்பதால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் தோல் முழுவதும் ஒரே மொறுமொறுப்பாகி, சமோசாவுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாமல் போனது. இரண்டாவது உணவகத்தில் அகன்ற கல்லில் சிறிது எண்ணெய் விட்டு, மந்துவை அடி படும்படி அடுக்கி, அடி சிவக்கத் தொடங்கியதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி, நீர் வற்றியபின் மூடியை எடுத்து மறுபடி சிறிது நேரம் சுட்டார்கள். அந்த முறையில் ஒரே துண்டில் மூன்று விதமான தோல் கிடைக்கிறது: அடியில் ஆப்பத்தின் ஓரம் போன்ற மொறுமொறுப்பு, நடுவே ஆவியில் வெந்த மிருது, மடிப்பு சேரும் இடத்தில் சற்றுக் கடிக்க வேண்டிய கெட்டி. சூடு ஆறினால் அடி இளகிவிடும். ஆகவே தட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கி மெட்ரோவில் கொண்டுவந்தால் வீடு சேர்வதற்குள் அந்த அடி காணாமல் போய்விடுகிறது, நாங்கள் இருமுறை முயன்று இருமுறையும் தோற்றோம்.

மந்துகுக்கில்தான் இரண்டு உணவகங்களும் முழுமையாகப் பிரிந்தன. அதைக் கண்டுபிடித்தது என் அம்மா. காசிமேட்டில் இருபது ஆண்டுகள் கருவாடு காயவைத்து விற்றவர் அவர். முதல் உணவகத்தின் சூப்பை ஒரு கரண்டி குடித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நெத்திலியைத் தலையோட குடலோட போட்டுக் கொதிக்க வெச்சிருக்காங்க, கசக்குது" என்றார். மகள் தன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆயா சொல்றது சரிதான்" என்றாள். மந்துகுக்கின் ரசத்தை மாட்டு நெஞ்சுக்கறியில் எடுப்பது ஒரு மரபு. எளிய கடைகளில் காய்ந்த நெத்திலியையும் கடற்பாசிப் பட்டையையும் கொதிக்கவைத்து எடுப்பது இன்னொரு மரபு. இந்த இரண்டாவது வகையில், தலையையும் கறுத்த குடலையும் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் நெத்திலியைப் பானையில் போட வேண்டும். இல்லையெனில் ரசத்தில் கசப்பு ஏறும். கொரியாவின் சமையலறைகளுக்கும் காசிமேட்டின் கருவாட்டுக் கூடைகளுக்கும் பொதுவான பாடம் இது. இரண்டாவது உணவகத்தின் ரசம் தெளிவாகவும் இனிப்பாகவும் இருந்தது. மேலே கீற்றாக நறுக்கிய முட்டை அடையும் வெங்காயத்தாளும், பொடித்த கடற்பாசியும் கிடந்தன. மந்துவைக் கரண்டியால் பிளந்து, பூரணம் ரசத்தில் கலக்கும்படி விட்டுச் சாப்பிடலாம் என்று பரிமாறியவர் சொன்னார். அம்மா அன்று முழுக் கிண்ணத்தையும் முடித்தார்.

இந்தச் சூப்புக்குப் பின்னால் ஒரு நாட்டின் பிரிவும் இருக்கிறது. புத்தாண்டு நாளில் கொரியாவின் தென்பகுதியினர் அரிசி மாவில் செய்த வில்லைகள் மிதக்கும் சூப்பை உண்பார்கள். வடபகுதியினர் மந்துகுக் உண்பார்கள். நடுவில் இருக்கும் சியோலிலோ வில்லையும் மந்துவும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்கள் தங்கள் பெரிய மந்துவையும் குளிர்ந்த நூடுல்ஸையும் உடன் கொண்டுவந்தார்கள், ஊருக்குத் திரும்ப முடியாமல் போனதால் அவற்றையே விற்றுப் பிழைத்தார்கள். 1960களில் பர்மாவை விட்டு வந்த நம்மவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்கத் தொடங்கியதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அப்படி வந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வில்லையும் மந்துவும் சேர்ந்த அந்தக் கிண்ணம் இரண்டாவது உணவகத்தில் கிடைக்கிறது. வில்லைகள் நம் பிடிகொழுக்கட்டையைவிட அழுத்தமானவை, பல்லில் சற்று நின்று பிறகே கரைகின்றன.

யாரோடு போகிறோம் என்பதும் தேர்வை மாற்றும். மந்துவின் பூரணத்தில் பன்றி இறைச்சி இருப்பது இயல்பு, மாட்டிறைச்சியும் சேரலாம். மண்ணடியிலிருந்து வரும் என் நண்பர் ஒருவர் ஹலால் பார்ப்பவர், ஆகவே அவரோடு போகும்போது இறால் மந்து மட்டும் கேட்கிறோம். குன்மந்து சுடும் கல் பன்றி இறைச்சிக்கும் பொதுவானதா என்பதையும் கேட்டுவிடுகிறோம். சைவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவரை முதல் உணவகத்துக்கு அழைத்துப் போனபோது, 'வெஜ்' என்று பட்டியலில் போட்டிருந்த கிம்ச்சி மந்துவை நம்பிச் சாப்பிட்டார். கிம்ச்சியில் மீன் சாறு சேர்த்திருந்ததைப் பிறகு கேட்டபோதுதான் சொன்னார்கள். அவர் அன்று வருந்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் குற்ற உணர்வு வருகிறது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். மரபான கிம்ச்சியில் மீன் சாறோ, உப்பில் ஊறவைத்த பொடி இறாலோ இருக்கும். அந்தப் பொடி இறால் நாம் சென்னாக்குனி என்று வாங்கும் இனத்தைச் சேர்ந்தது. நாம் காயவைக்கிறோம், அவர்கள் புளிக்கவைக்கிறார்கள். ஆகவே சைவர்கள் கிம்ச்சி, ரசம் ஆகிய இரண்டைப் பற்றியும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரம்பூர் வண்டியில் இந்தச் சிக்கல் குறைவு: கோஸ் மோமோ தனி அடுக்கில் வேகிறது.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் மூவருக்கும் உணவகத்தில் ஒருமுறை ஆன தொகையில் வண்டியில் குறைந்தது ஐந்து முறை சாப்பிட்டிருக்கலாம். ரசீதில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

வீட்டு வழியை நான் முதலில் அலட்சியமாகவே எண்ணியிருந்தேன். இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. கொரிய மளிகைக் கடையில் உறைநிலை மந்துப் பொட்டலம் வாங்கும்போது, சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் இருக்கிறதா என்று பார்த்து, பூரணத்தின் பட்டியலையும் படித்துவிட வேண்டும். வழியில் உருகினால் தோல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். எனவே ஒரு தடித்த பையில் பனிக்கட்டி வைத்து எடுத்து வருகிறோம். வீட்டில் உருகவிடாமல், உறைந்த நிலையிலேயே அவிக்க வேண்டும். இட்லித் தட்டின் குழியில் வைத்தால் மந்து வளைந்துவிடுகிறது. குண்டானில் தட்டையான துளைத்தட்டு போட்டு, அதன்மேல் கோஸ் இலையைப் பரப்பி அடுக்கினால் ஒட்டாமல் வருகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தோல் கண்ணாடி போலத் தெளிகிறது. இப்படிச் செய்த ஜின்மந்துவுக்கும் உணவகத்தின் ஜின்மந்துவுக்கும் இடையே கண்ணைக் கட்டிக்கொண்டு வேறுபாடு சொல்ல என்னால் இயலாது. குன்மந்துவும் மூடியுள்ள தோசைச் சட்டியில் ஓரளவு கைகூடுகிறது. அடி சிவக்கிறது, ஆனால் மடிப்பு மட்டும் சற்று வறண்டுபோகிறது.

தோற்றது மந்துகுக்கில். அம்மா காசிமேட்டிலிருந்து தேர்ந்தெடுத்த நெத்திலியைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, கடற்பாசிப் பட்டையோடு கொதிக்கவைத்து எடுத்த ரசம், இரண்டாவது உணவகத்தின் ரசத்தைவிட மேலானது என்று என் மகளே ஒப்புக்கொண்டாள். ஆனால் உறைநிலை மந்து அந்த ரசத்தில் விழுந்ததும் தோல் குழைந்தது. சில உடைந்து பூரணம் மிதந்தது, மற்றவை வழுவழுவென்று ஆகிவிட்டன. ஆவி மறைத்ததைக் கொதிநீர் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டாவது உணவகத்தில் அன்றன்றைக்கு மாவு பிசைந்து, கையால் தேய்த்து, பிறைபோல் மடித்து, இரு முனைகளையும் சேர்த்து ஒட்டி வைத்த மந்துவைத்தான் ரசத்தில் போடுகிறார்கள். அந்தத் தோல் ரசத்தை ஏற்றுக்கொண்டும் உடையாமல் நிற்கிறது. மெட்ரோ ஏறி அங்கே போவதற்கு நியாயமான காரணம் அந்தப் புதுத் தோல் ஒன்றுதான்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது இப்படி நடக்கிறது: அவித்த மந்து வேண்டுமென்றால் இட்லிக் குண்டான், மாலைப் பசிக்குச் சாறு வழியும் மோமோ வேண்டுமென்றால் பெரம்பூர், மந்துகுக்கும் கல்லில் சுட்ட குன்மந்துவும் வேண்டுமென்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆயிரம் விளக்கு, அதுவும் இரண்டாவது உணவகம் மட்டுமே. இந்த ஏற்பாடு எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. தீபாவளிக்குச் சோமாசித் தோலைக் காகிதம்போல் தேய்க்கும் கை அம்மாவுடையது. மைதாவை வெந்நீரில் பிசைந்து தாமே தேய்த்துப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரசத்தில் வேகப்போகும் தோலுக்கு வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால்தான் தாங்கும் என்பது மகளின் கட்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் பிசைந்து, ஒரே ரசத்தில் போட்டுப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. நெத்திலி வாங்க நான் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போக வேண்டும்.